டப்பா கோல்ட்ரிட்ஜ், உள்ளே நொய்யல்

பால் காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும். அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அரை லிட்டர், சின்ன அடுப்பு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் என்பதால் இன்னும் நாலு நிமிடமாவது இருக்கிறது, நாலு நிமிடத்தில் ஒரு மனுஷன் என்னவெல்லாம் சொல்லிவிடலாம், பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது நான் அரை நிமிடத்தில் சொன்னேன், ஆனால் இப்போது மேசை விரிப்பில் இருக்கிற நீலப் பூக்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பதினேழு, பதினெட்டு, ஒரு பூவின்மேல் பாதிக் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சேர்ப்பதா வேண்டாமா. எதிரே மாமா. என் மனைவி கலாமணியின் அப்பா, மருதாசலம், எழுபத்தாறு வயது, குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் டீ ருசி பார்த்தவர், ஒரு நாளைக்கு இருநூறு கோப்பையை உறிஞ்சி உறிஞ்சித் துப்பியவர், இன்று ஏழு மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டு, வாசனை குறுக்கே வரும் என்று பவுடர் மட்டும் போடாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் முன்னால் இரண்டு எவர்சில்வர் கிண்ணம், இரண்டிலும் கார்ன்ஃப்ளேக்ஸ். ஒன்று கோல்ட்ரிட்ஜ், டிவியில் விளம்பரம் வருகிற பெரிய கம்பெனிச் சரக்கு. இன்னொன்று நொய்யல் மார்ட், நம் தெருமுனை சூப்பர் மார்க்கெட் தன் பெயரையே போட்டு விற்கிற சரக்கு. எது எதில் என்பது கலாமணிக்கு மட்டும்தான் தெரியும், இதற்கென்றே இரண்டையும் புதுசாக அவளே போய் வாங்கி வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டினாள், கோல்ட்ரிட்ஜ் கிண்ணத்துக்கு அடியில் தன்னுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறாள். மாமா கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சும்மா ஒரு விளையாட்டு. அப்படித்தான் நேற்று சாயங்காலம் வரைக்கும் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, அதை எங்கிருந்து தொடங்குவது, ஓஹையோவிலிருந்தா நொய்யல் மார்ட்டிலிருந்தா. ஓஹையோ என்றால் அமெரிக்கா, ரொம்ப தூரம், பால் பொங்கிவிடும். ஆனால் அங்கேதான் ஞானம் வந்தது. பதினெட்டு வருஷம் அங்கே இருந்தேன், அதில் ஆறு வருஷம் ஒரு பொட்டலம் கட்டும் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வேலை, ஒருநாள் ஏதோ கோளாறு என்று ஆலைக்குள்ளேயே கூட்டிப்போனார்கள், தலையில் வலைத்தொப்பி மாட்டி, அங்கே பார்த்தேன், ஒரே மெஷின், ஒரே குழாய், அதிலிருந்து கார்ன்ஃப்ளேக்ஸ் மழை மாதிரி கொட்டுகிறது, பத்து மணி வரைக்கும் பேர் பெற்ற கம்பெனியின் டப்பா போகிறது, பத்து மணிக்கு மெஷினை நிறுத்தாமலே டப்பாவை மட்டும் மாற்றினார்கள், கடைக்காரன் டப்பா, பாதி விலை. மற்றவர்கள் மலையேறிச் சாமி பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அப்புறம் நான் பெரிய கம்பெனிச் சரக்கைக் கையால் தொட்டதில்லை. பேர் பெற்றது கண்ணுக்கு நேராக நிற்கும், கடைச் சரக்கு கீழ்த் தட்டில் இருக்கும், குனிந்து எடுக்க வேண்டும், எனக்கு இடுப்பு வலி வந்ததே கொள்கையினால்தான். யோசித்தால் அந்த ஆபீஸில் நானே கடைச் சரக்குத்தானே. ஒரே வேலை, ஒரே மேசை வரிசை, அவர்கள் கழுத்தில் நீல அட்டை, கான்ட்ராக்ட் ஆளான என் கழுத்தில் பழுப்பு அட்டை. உள்ளே இருக்கிறது ஒன்றுதான் என்று நான் கத்தியதெல்லாம் கார்ன்ஃப்ளேக்ஸைப் பற்றித்தானா. சரி, அது வேண்டாம், அது இப்போது வேண்டாம். இங்கே கோயமுத்தூருக்குத் திரும்பி வந்ததும் எல்லோரும் என்னை அமெரிக்கா மாப்பிள்ளை டப்பாவில் போட்டு மூடினார்கள், உள்ளே அதே பொள்ளாச்சிக்காரன், எட்டாவது வரை தமிழ் மீடியம், அதற்கப்புறம் இங்கிலீஷ் மீடியம், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லவில்லை.

பாலில் இன்னும் ஆடை கட்டவில்லை. கலாமணி திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள், தெரிந்துவிட்டதா. தெரிந்திருந்தால் சிரிக்க மாட்டாள். நடந்தது இதுதான், தை மாசக் கடைசியில் ஒரு சனிக்கிழமை கடையில் கோல்ட்ரிட்ஜ் தீர்ந்துபோயிருந்தது. மாமாவுக்கு அதுதான் வேண்டும், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து காலையில் இட்லி இல்லை, கார்ன்ஃப்ளேக்ஸ், அதுவும் கோல்ட்ரிட்ஜ், அதுவும் கொதிக்கக் கொதிக்கப் பால் ஊற்றி. ஓஹையோவில் ஜில்லென்ற பாலை ஊற்றி மொறுமொறு என்று தின்பார்கள், பதினெட்டு வருஷமும் கலாமணி அதைப் பார்த்து முகம் சுளித்தாள், சளி பிடிக்கும் என்பாள், நம் ஜனங்களுக்குச் சுடுபால் ஊற்றாத எதுவும் சாப்பாடு ஆகாது. சரி, அந்தச் சனிக்கிழமை நான் நொய்யல் மார்ட் பாக்கெட்டை வாங்கி வந்தேன், வீட்டில் கோல்ட்ரிட்ஜ் டப்பா காலியாக நின்றது, கொட்டி வைத்தேன். இதில் என்ன தப்பு, நம் வீடுகளில் எந்த டப்பாவில்தான் அந்த டப்பாவின் சாமான் இருக்கிறது, சத்துமாவு பாட்டிலில் புளி, பிஸ்கட் டின்னில் ஊசிநூல், ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் கறிவேப்பிலை. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் காலையில் மாமா சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷத்து நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. இதோ நிரூபணம், உலகமே பார்க்க வேண்டிய நிரூபணம், ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத நிரூபணம், சொன்னால் பரிசோதனை கெட்டுவிடும். அதனால் அடுத்த பாக்கெட்டையும் கொட்டினேன், அதற்கடுத்ததையும். கடைக்குப் போவது என் பொறுப்பு, காய்கறிதான் கலாமணி, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டப்பாவின் மூலை பிய்ந்தபோது உள்பக்கமாக டேப் ஒட்டினேன். தேதி அச்சடித்த இடத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் அட்டை டப்பாவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு நின்றிருந்தால் போயிற்று. என் வாய் நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது ஆலைக் கதையை மறுபடியும் எடுத்தேன், கடைச் சரக்கும் கம்பெனிச் சரக்கும் ஒன்றுதான், வித்தியாசம் தெரிகிறது என்பவர்கள் டப்பாவைத்தான் ருசிக்கிறார்கள், என்றேன். மாமா பல் குத்துவதை நிறுத்தினார். டப்பாவையா, என்று கேட்டார். ஒரே மலையில் கிழக்குச் சரிவில் பறித்த இலைக்கும் மேற்குச் சரிவில் பறித்த இலைக்கும் வித்தியாசம் சொல்லிச் சம்பளம் வாங்கினவன் நானுங்க மாப்பிள்ளை, ரெண்டு கிண்ணம் வச்சுப் பாருங்க, என்றார். பார்க்கலாம்ங்க மாமா, என்று நான் குதூகலமாகச் சொன்னேன், சொல்லி முடித்து வெற்றிலைத் தட்டை எடுத்து வைக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது, இந்த மனுஷன் நாலு மாசமாகத் தின்பதே நொய்யல் மார்ட். நிஜ கோல்ட்ரிட்ஜை வாயில் வைத்ததும் இது என்னது புதுசா இருக்கு என்பார், கலாமணி டப்பாவை எடுப்பாள், டேப்பைப் பார்ப்பாள், தேதியைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். அவள் சொந்தத்தில் எதையும் மறக்க மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் இலையில் விழுந்த மைசூர்பாகைச் சட்டைப்பையில் போட்ட ஒரு சித்தப்பாவை இன்றைக்கும் மைசூர்பாகு சித்தப்பா என்கிறார்கள், அவர் தாசில்தாராக ரிட்டயர் ஆனவர். நான் கார்ன்ஃப்ளேக்ஸ் மாப்பிள்ளை. என் சாவுக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள்.

அதுதான் பயம் என்று நேற்று மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன், எவ்வளவு சுகமான பயம். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கலாமணி வேறொன்றைச் சொன்னாள். குன்னூரில் போஜன் என்று ஒருவர், சின்னதாகத் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்கிறார், மாமாவிடம் ஒருகாலத்தில் வேலை கற்றவர், வியாழக்கிழமைதோறும் வண்டி அனுப்புகிறேன், வந்து என் சரக்கை ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று மூன்று தடவை ஃபோன் பண்ணிவிட்டாராம். மாமா பிடி கொடுக்கவில்லையாம். போன வருஷம் அந்தக் காய்ச்சலில் ஒரு மாசம் அவருக்கு வாசனையே தெரியவில்லை, அப்புறம் வந்துவிட்டது என்றார், ஆனால் முழுசாக வரவில்லையோ என்று அவருக்கே சந்தேகமாம், யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு இந்த ரெண்டு கிண்ணத்தைச் சரியாச் சொல்லிட்டா குன்னூர் போறேன், சொல்லலைன்னா வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன், மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவர் விளையாட்டுன்னே நினைச்சுக்கட்டும், என்றாராம். நான் என்ன சொன்னேன். ஓ, என்றேன். மனைவி ஒரு மனுஷனின் மிச்ச வாழ்க்கையை எடுத்துக் கையில் கொடுக்கிறாள், நான் ஓ என்கிறேன். வாயைத் திறந்தேன், தலையணை உறையை எடுத்துக் கொடுங்க என்றாள், எடுத்துக் கொடுத்தேன்.

இதிலே ஒரு முடிச்சு இருக்கிறது, விடியற்காலையிலிருந்து அதை அவிழ்த்துப் பார்க்கிறேன், அவிழ்க்க அவிழ்க்க இறுகுகிறது. மாமாவின் நாக்கு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தினம் தின்பதை அது அடையாளம் கண்டுகொள்ளும், இதுதான் கோல்ட்ரிட்ஜ் என்று நொய்யல் கிண்ணத்தைக் காட்டும், கலாமணி தப்பு என்பாள். நாக்கு கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குருட்டாம்போக்கில் எதையாவது காட்டுவார், பாதிக்குப் பாதி சரியாக விழும், கலாமணி சபாஷ் என்பாள், கெட்ட நாக்கோடு குன்னூர் போவார். ஆக நல்ல நாக்கு தோற்கும், கெட்ட நாக்கு ஜெயித்தாலும் ஜெயிக்கும். இப்படி ஒரு பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகமும் வைத்ததில்லை. இதைச் சரி பண்ண ஒரே ஆள்தான் உண்டு, அவன் பூ எண்ணிக்கொண்டிருக்கிறான். சொல்வதற்கு வாசகம்கூடத் தயார் பண்ணிவிட்டேன், இங்கிலீஷில் வழவழவென்று வந்தது, பரிசோதனை, எதிர்பாராத விளைவு, யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை, ஒரு வக்கீல் நோட்டீஸ் மாதிரி அழகாக இருந்தது. மாமாவிடம் அதைத் தமிழில்தானே சொல்ல வேண்டும். தமிழில் போட்டுப் பார்த்தால் ஏமாத்திட்டேன் என்று ஒரே சொல்தான் வருகிறது, சுற்றி மறைக்க ஒரு துணி இல்லை. இப்போது சொல்லலாம். மாமா, என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வரும். மாமா என்கிறேன். நிஜமாகவே சொல்லிவிட்டேன், சத்தமாக. மாமா நிமிர்கிறார். தண்ணி வேணுங்களா, என்று கேட்கிறேன்.

பால் பொங்கி வருகிறது, கலாமணி அணைத்துவிட்டாள். மாமா துண்டைக் கண்ணில் கட்டிக்கொள்கிறார், தலைக்குப் பின்னால் முடிச்சு போடும்போது விரல்கள் கொஞ்சம் தடுமாறுகின்றன, நான் எழுந்து போய்க் கட்டிவிடலாம், கட்டிவிடவில்லை. முதலில் வெறுமனே. இடது கிண்ணத்திலிருந்து நாலு ஃப்ளேக்ஸ், முன்பல்லில் ஒரு கடி, பின்பல்லில் ஒரு கடி, வெந்நீரில் கொப்பளித்துப் பக்கத்தில் வைத்த வாளியில் துப்புகிறார், அந்தத் துப்பல் ஒரு சொட்டு சிதறாமல் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகிறது, முப்பத்தெட்டு வருஷத் துப்பல். அப்புறம் வலது கிண்ணம். எனக்குக் கண் இருக்கிறது, எனக்குத் தெரியும், இடது பக்கம் இருப்பது கொஞ்சம் தடி, கொஞ்சம் கருப்பு, ஓரத்தில் சுருள், நாலு மாசமாக நான் கொட்டுகிற சரக்கு எனக்குத் தெரியாதா. அதாவது வித்தியாசம் இருக்கிறது. ஒரே குழாய் இல்லை. ஓஹையோவில் ஒரே குழாயாக இருந்தால் கோயமுத்தூரிலும் ஒரே குழாயாக இருக்கும் என்று நான் எப்படி நம்பினேன், ஒரு ஆலையைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே சட்டம் எழுதிவிட்டேன். இப்போது பால் ஊற்றுகிறாள், ஆவி எழும்புகிறது. மாமா கையைத் தூக்கி நிறுத்துகிறார், மூன்று நிமிடம் ஊற வேண்டும் என்கிறார், தேயிலைக்கு ஐந்து நிமிடம் உண்டாம், அது முடியுமுன் வாய் வைக்கிறவன் சோம்பேறி. மூன்று நிமிடம். சுவர்க் கடிகாரம் பேசுகிறது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி நிற்கிறது. கட்டிய கண்ணோடு அந்த முகம் என் பக்கம் திரும்பியிருக்கிறது, என்னைப் பார்க்காததுதான் பார்ப்பதைவிட மோசம். கலாமணி கை விரல்களைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நிற்கிற அம்மா மாதிரி. ஆச்சுங்கப்பா, என்கிறாள்.

கரண்டியை உறிஞ்சுகிறார், ஒரு சீழ்க்கை மாதிரி சத்தம், வாய்க்குள் உருட்டுகிறார், துப்புகிறார். மறுபடி இடது. மறுபடி வலது. வலதில் நிறுத்தி இன்னொரு கரண்டி எடுக்கிறார், அதைத் துப்பவில்லை, விழுங்கிவிட்டார். நெற்றி சுருங்குகிறது. "இடது கைப் பக்கம் இருக்கறது கோல்ட்ரிட்ஜ், கண்ணு. தினம் சாப்பிடறது. இதுல சந்தேகமே இல்லை," என்று மகளிடம் சொல்கிறார். வலது கிண்ணத்தைத் தொட்டுக்காட்டி, "ஆனா அந்த இன்னொண்ணு, கடைச் சரக்கு, அது நல்லா இருக்கு. முன்னெல்லாம் கோல்ட்ரிட்ஜ் இப்படித்தான் இருந்துச்சு," என்கிறார். கலாமணி இடது கிண்ணத்தைத் தூக்கி அடியில் பார்க்கிறாள். ஒன்றும் இல்லை. வலதைத் தூக்குகிறாள், பொட்டு. அவள் தப்பு என்று சொல்லவில்லை, அப்பா என்று மட்டும் சொல்கிறாள், அந்தக் குரலிலேயே எல்லாம் இருக்கிறது. மாமா துண்டை அவிழ்க்கிறார். பொட்டைப் பார்க்கிறார். துண்டை நாலாக மடிக்கிறார், எட்டாக மடிக்கிறார், உள்ளங்கையால் தட்டிவிட்டு மேசைமேல் வைக்கிறார். பரவாயில்லை, வயசாயிருச்சல்ல, என்கிறார். "போஜனுக்கு ஃபோன் போட்டு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிரு, கண்ணு."

வாய் திறந்தது நான்தான் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மாமா, நீங்க சொன்னதுதான் சரிங்க. அந்த டப்பாவுல நாலு மாசமா இருக்கறது கோல்ட்ரிட்ஜே இல்லை. நொய்யல் மார்ட். நான்தான் வாங்கி வாங்கிக் கொட்டினேன். உங்களை ஏமாத்திட்டேன்." கலாமணி அலமாரிக்குப் போய் டப்பாவை எடுத்து வருகிறாள், மூலையைத் தடவுகிறாள், டேப், திருப்புகிறாள், தேதி, நான் நினைத்த வரிசையிலேயே எல்லாம் நடக்கிறது. அவள் பேசுவதற்குள் மாமா கையைத் தூக்குகிறார். எப்பயிருந்துங்க, என்று கேட்கிறார், கோபமாக இல்லை, கணக்கெடுக்கிற குரலில். தை மாசம் கடைசிங்க மாமா. என்ன கிழமை, என்கிறார். சனிக்கிழமை வாங்கினது. அப்ப நான் தின்னது ஞாயித்துக்கிழமை, என்கிறார், ஆமாங்க என்கிறேன். அவர் எதையோ விரலால் மேசையில் எழுதுகிறார். "அன்னைக்கு ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுதுங்க மாப்பிள்ளை. டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அதே டப்பா. சரி, சரக்கு மாறலை, என் நாக்குதான் போச்சுன்னு நினைச்சுட்டேன்." எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறது, அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார், சர்க்கரை அளவு பார்க்கிறார் என்று நான் நினைத்தேன், என் நிரூபணத்தில் மூழ்கி ஜன்னலோரம் நின்று காப்பி குடித்தேன். போஜனின் முதல் ஃபோன் அதற்கப்புறம்தான், மாசியில் வந்தது. மன்னிச்சிருங்க மாமா, என்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டு ஒருமுறை சப்பிப் பார்க்கிறார், காணாமல்போன சாவி சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டவர் மாதிரி.

பெரிய வேலை பண்ணிட்டீங்க, என்கிறார், அவ்வளவுதான் திட்டு, அதற்குமேல் திட்ட அவருக்கு நேரமில்லை, முகத்தில் ரத்தம் வந்துவிட்டது, வியாழக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வண்டி வரணும், மேட்டுப்பாளையம் தாண்டறதுக்குள்ள வெயில் ஏறிரும், போஜனுக்குச் சொல்லுங்க மாப்பிள்ளை, இப்பவே சொல்லுங்க, என்கிறார். நான் ஃபோனை எடுக்கிறேன், கலாமணி என்னைப் பார்க்கிற பார்வைக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணைத் தேடுகிறேன், கார்ன்ஃப்ளேக்ஸ் மாப்பிள்ளை, ஆகட்டும், தலையெழுத்து. அப்போது மாமா அதே கணக்கெடுக்கிற குரலில் கேட்கிறார், "அப்ப அந்த நெய்?" எந்த நெய், என்கிறேன். பங்குனியில இருந்து இருக்கறது ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சின நெய் இல்லை, அதுவும் என் நாக்குன்னுதான் விட்டுட்டேன், என்கிறார். நெய்யை நான் தொட்டதே இல்லைங்க மாமா, என்கிறேன், என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக ஒரு உண்மையைச் சொன்னதில்லை. இருவரும் கலாமணியைப் பார்க்கிறோம். அவள் கையில் இருக்கிற டப்பாவை மெதுவாகக் கீழே வைக்கிறாள். ஊத்துக்குளிக்காரர் வர்றதில்லைங்கப்பா, பாக்கெட் நெய்யும் நல்லாத்தான் இருக்குன்னு, என்று தொடங்குகிறாள், ஏங்க, நீங்க ஃபோன் பண்ணுங்க, என்று என் பக்கம் திரும்புகிறாள். மாமா எழுந்துவிட்டார். கரண்டியைக் கழுவுகிறார், வெந்நீர் டம்ளரை ஒரு கையிலும் வாளியை மறு கையிலும் எடுத்துக்கொள்கிறார், சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே ஒரு மூடி திறக்கிறது. உறிஞ்சல், துப்பல். இன்னொரு மூடி. நானும் கலாமணியும் சாத்திய கதவுக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், நான் போட்ட ஃபோனில் போஜன் ஹலோ ஹலோ என்கிறார். இப்போது திறப்பது பெருங்காய டப்பா, அந்தத் தகர மூடி திறக்கிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவளைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள்.